கம்பிக்குக் கீழே முக்காலி

இல்ல மேடம், நீங்க அடுத்த மாசம்தானே வர்றதா இருந்துச்சு? லெட்டர்ல அப்படித்தான் போட்டிருந்தீங்க. சுற்றுச்சூழலைக் கெடுக்காத கடைன்னு வாசல்ல ஒட்ட ஒரு ஸ்டிக்கர் தருவோம், அதுக்கு முன்னாடி அடுத்த மாசம் வந்து பாப்போம்னு. இப்ப திடீர்னு வந்து நிக்கறீங்களே, அதான் கேட்டேன். யாராச்சும் ஏதாச்சும் போட்டுக் குடுத்தாங்களா? பஸ் ஸ்டாப்கிட்ட இருக்கானே, அந்தச் சலவைக்கடைக்காரனா? அவன் செய்வான். என் கடைல ஈ ஓட்டறேன்னு கேட்டாத்தான் அவனுக்குத் தூக்கமே வரும்.

ஓ, இந்தப் பக்கம் வேற வேலையா வந்தீங்களா. சரி சரி. நல்லா பாருங்க. ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு.

இதுதான் புது மிஷின். கோட்டு, பட்டு, கம்பளி எல்லாத்துக்கும் தண்ணிதான். சோப்பு வேற, சுத்தற வேகம் வேற, அவ்வளவுதான். இதே இடத்துல முன்னாடி டிரை க்ளீனிங் மிஷின் நின்னுச்சு. தண்ணியே கிடையாது, டிரம்ல ஒரு திரவம் வரும். கடைல அதை மருந்துன்னுதான் சொல்லுவோம். இருபத்திரண்டு வருஷம் அந்த மருந்துலதான் சோறு தின்னோம். எண்ணெய்க் கறை, மைக் கறை, எது பட்டாலும் போன இடம் தெரியாது.

ஹேங்கரைத் திருப்பிக் கொண்டாந்தா வாங்கிக்கறோம். பிளாஸ்டிக் கவரை ஒழிச்சுட்டு துணிப்பை. எல்லாம் என் பொண்ணு யோசனை. என் யோசனைன்னு எழுதிடாதீங்க.

என்ன மேடம், மூக்கை உறிஞ்சுறீங்க, சளியா?

வாடையா? அது பக்கத்துக் கடை. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறான். சுவத்தைத் தாண்டி வரும். அவனும் ஸ்டிக்கர் கேட்டு எழுதிப் போட்டானா? போட்டாலும் போடுவான், அந்த மூஞ்சி எதுக்கும் கூச்சப்படாது.

அந்த முக்காலியா? அது எங்க வீட்டுக்காரி உக்கார்றது. துவைச்ச துணியெல்லாம் இந்தக் கம்பில தொங்கும். கீழ உக்காந்து ஒவ்வொண்ணா இறக்கி, போன பட்டனைத் தைச்சு, பைல போடுவா. இப்ப மேல வீட்டுல படுத்திருக்கா.

உடம்புக்கு... தலைவலி. பழைய மிஷின் இருந்தப்ப தினம் நாலு மணிக்கு வந்துடும். ஈரத்துணியை நெத்தில கட்டிக்கிட்டுத் தைப்பா. நான் கண்ணாடி மாத்துன்னு சொன்னேன். மாத்தினா. அப்புறம் தைலம். அப்புறம் சும்மா சலிச்சுக்காதேன்னு சொன்னேன். என் பொண்ணுதான் ஒரு நாள் டிரம்மைத் திருப்பி, இந்த ஆவியை மோந்தா தலைவலி வரும்னு அதுல ஒட்டியிருந்த சீட்டைப் படிச்சா. படிச்சுட்டு என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. இத்தனை வருஷம் இதைப் படிக்கவே இல்லையாப்பான்னா. டிரம்முல எழுதியிருக்கறதை எவன் மேடம் படிக்கறான்?

சரின்னு மாத்தினோம். ஆறு மாசம் தலைவலி எட்டிப் பாக்கல. படில ரெண்டு ரெண்டா தாவி இறங்குவா. பட்டன் தைக்கறப்ப பாட்டு வேற. தொண்டை நல்லா இருக்காது, இருந்தாலும் பாடுவா. கல்யாணம் ஆன புதுசுல கேட்டது.

இங்க எதுவும் இல்ல மேடம். கல்லாப்பெட்டிக்குக் கீழ என்ன இருக்கப் போகுது, ரசீது புக்கு, என் இருமல் மருந்து. என் பொண்ணு ஏதாச்சும் போன்ல சொன்னாளா? ரெண்டு நாளா அவளும் இங்கதான் குனிஞ்சு குனிஞ்சு பாக்கறா. பெத்த அப்பனையே வேவு பாக்கறா.

கஸ்டமரா? அதை ஏன் கேக்கறீங்க. ஒரு வக்கீல், பதினஞ்சு வருஷமா வர்றாரு. புது மிஷின்ல துவைச்ச கோட்டை வாங்கி மூக்குல வச்சாரு. ஏம்பா, துவைச்சியா, இல்ல உதறி மடிச்சுக் குடுக்கறியான்னாரு. அத்தனை பேரு முன்னாடி. ஒரு வாடையும் இல்லியே, எப்படி நம்பறதுன்னாரு. அந்த மருந்து வாடை வந்தாத்தான் அவங்களுக்கு சுத்தம். அவர் போனாரு, அவரைப் பாத்து இன்னும் நாலு பேரு போனாங்க, எல்லாம் பஸ் ஸ்டாப் கடைக்கு. நான் வாசலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

இப்ப திரும்பி வந்துட்டாரு, வந்துட்டாரு. போன வாரம் கோட்டை மோந்து பாத்துட்டு, இப்பதான்யா பழைய ஆளா ஆயிருக்கேன்னு தோள்ல தட்டினாரு.

எப்படின்னா... மனுஷன் மனசு, மாறும்ல.

மேடம், அந்த வாடை பெயிண்ட்தான்னு சொன்னேன்ல. சும்மா கம்பிகிட்டயே நின்னு மோந்துக்கிட்டு இருந்தா எப்படி.

மூணு வாரமா அவளுக்குத் தலைவலி திரும்ப வந்துடுச்சு. பெயிண்ட்காரன்தான்னு நானே போய்க் கத்தினேன். அவன் திருப்பிக் கத்தல மேடம். அக்காவுக்கு முடியலையா, முதல்லயே சொல்லக் கூடாதான்னான். ஒரு வாரமா வண்டியெல்லாம் தள்ளிக்கிட்டுப் போய் தெருக்கோடி காலி மனைல வச்சு அடிக்கறான். ஆமா, இந்த ஒரு வாரமா. அவன் கடை ஷட்டர் இறக்கித்தான் இருக்கு, நீங்க வர்றப்பவே பாத்திருப்பீங்க.

தலைவலி போகல.

மருந்து எதுவும் இல்ல, மிஷினும் போச்சு, அப்ப இது உள்ளுக்குள்ள ஏதோ வளருதுன்னு முடிவு கட்டிட்டா. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கேன். நேத்து பீரோ சாவியைப் பொண்ணு கைல குடுத்து, எதெது எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. நான் கதவுக்கு வெளில நின்னு கேட்டேன். உள்ள போய் ஒரு வார்த்தை சொன்னா தீர்ந்துச்சு. நான் கீழ இறங்கி வந்து கடையைத் திறந்தேன்.

இந்தாங்க. இருமல் மருந்து பாட்டில்தான், உள்ள இருக்கறது வேற. கடைசி டிரம்லேர்ந்து கொஞ்சம் எடுத்து வச்சேன். காலைல ஒரு மூடி, ஒரு துணித்துண்டுல ஊத்தி கம்பில கோட்டுகளுக்கு நடுவுல தொங்க விடுவேன். கொஞ்ச நேரத்துல வாடை எல்லாத்துலயும் ஏறிடும். ஆமா, முக்காலிக்கு நேர் மேல. அது எனக்குத் தோணவே இல்லன்னு சொன்னா நம்புவீங்களா? நானே நம்ப மாட்டேங்கறேன்.

மூடியை இறுக்கிப் புடிங்க. ஸ்டிக்கரெல்லாம் வேணாம். ஒரே ஒரு உதவி பண்ணுங்க, செக்கிங்ல நீங்களே கண்டுபுடிச்சதா அவகிட்ட...

சொல்ல மாட்டீங்களா. சரி. அதுவும் சரிதான். ஆனா போயிடாதீங்க, ரெண்டு நிமிஷம் நில்லுங்க. படில சத்தம் கேக்குது.

பாத்து, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு இறங்கு. அங்க இல்ல, அந்த முக்காலில இல்ல, இப்படி வாசப்பக்கம் காத்துல வந்து உக்காரு. பொண்ணுகிட்டேர்ந்து பீரோ சாவியைத் திருப்பி வாங்கிக்க.