‘லி’ என்ற வாலும் பன்னிரண்டு ஆண்டுகளும்

ஆங்கில இலக்கணத்தின் அருங்காவலரே! வெண்கட்டித் தூள் படிந்த வெள்ளைக் கையினரே! மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மணிக்கு வந்து, மாணவருக்கும் எமக்கும் ஒரே முகம் காட்டி, முப்பதாண்டு முதுகு வளையாது நின்று, இன்று ஓய்வுபெறும் சோமசேகரம் ஆசானே! தலை தாழ்ந்த வணக்கம்.

சபையோரே! இவரைப் புகழுமுன், இவருக்கு நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறோம்.

கரும்பலகையில் ‘ஸ்லோ’ என்றெழுதி, ‘லி’ சேர்த்து, ‘ஸ்லோலி’ ஆக்குவார் இவர். வகுப்பு மகிழும். உடனே மேசையில் தட்டுவார்.

“லி கண்ட உடனை வினையடை எண்டு பாயாதையுங்கோ! ‘பிரண்ட்லி’யிலையும் லி கிடக்கு, அது பெயரடை. ‘ஹார்ட்’டுக்கு லி இல்லை, எண்டாலும் அது வினையடையாயும் வரும். வினையைப் பிடிச்சு ‘எப்பிடி?’ எண்டு கேளுங்கோ. மறுமொழி சொல்லுறதுதான் வினையடை!”

பக்கத்து வகுப்புகளில் பாடம் நடத்திய எங்கள் காதில் அது ஏறவில்லை.

1964இல் எங்கள் பள்ளி அதிபர் பதவி வெற்றிடமானது. அது இவருக்கே கிடைக்கவேண்டுமென்று கொழும்புக் கல்விக் கந்தோருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பித்தோம். திடீரென மகிழ்விக்க எண்ணி, இவருக்குக் காட்டாமலே விண்ணப்பித்தோம். கல்லுடைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்த எங்கள் முருகேசு ஆசிரியர், ‘கடுமையாக உழைப்பவர்’ என்பதை மொழிபெயர்த்தார்: கடுமைக்கு ‘ஹார்ட்’, ‘ஆக’வுக்கு ‘லி’. ‘வேர்க்ஸ் ஹார்ட்லி’ என்று வந்தது. பதினேழு பேர் கையெழுத்திட்டோம். அதன் பொருளோ, இவர் வேலை செய்வதே அரிது என்பது!

மறுமொழி வந்தது: சக ஆசிரியரின் சாட்சியப்படியே இவர் உழைப்பவரல்லர். நாங்கள் சொல்லவந்தது அங்கே எவருக்கும் விளங்காமலில்லை. விளங்காதது போலிருக்க ஒரு ‘லி’ போதுமாயிருந்தது. பதவி வேறொருவருக்குப் போனது.

“அண்ணை, அறியாமல் எழுதிப்போட்டன்,” என்றார் முருகேசு.

“ஓம். எனக்கு ஒருக்காக் காட்டியிருக்கலாம்.”

மணி அடித்தது. இவர் வகுப்புக்குப் போனார். பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே போனார்.

ஆகவே இம்மடலைத் தமிழில் எழுதினோம். “தமிழெண்டாலும் முதலிலை தாங்கோ. உங்களை நம்பேலாது,” என்று நேற்று வாங்கிப் படித்தார். ‘எங்களை மனதார மன்னித்தீர்’ என்ற வரியில் சிவப்புப் பேனை நின்றது. ‘மனதார’ என்பதை மட்டும் வெட்டினார்.

“வினை கிடக்கட்டும். அடை வேண்டாம்.”

ஐயா! வெட்டிய கோட்டோடேயே சட்டமிட்டுத் தருகிறோம். எங்களை மன்னித்தீர். நோய் அண்டாது, நீடு வாழ்வீர்!

இங்ஙனம்,
அன்று கையெழுத்திட்டோரில் எஞ்சிய பதினோர் ஆசிரியர்
காங்கேசன்துறை, 1976