போன் வெளிச்சம் விழுந்த முகம்

பிள்ளைகளே, இதை உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று செம்பூரிலிருந்து திரும்பும்போது, ரயிலில் இரண்டு நண்பர்கள் ஈரம் காயாத ஓர் ஆயில் பெயிண்டிங்கை ஓரங்களில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போன மாதம் தாராவியில் நம் பின்சந்து தீப்பிடித்து எரிந்ததுதான் படம். வரைந்தவனிடம் மற்றவன் கேட்டான்.

"ஏல, எல்லார் மூஞ்சிலயும் நெருப்பு செவப்பா அடிக்கி. இவம் மூஞ்சி மட்டும் என்னல நீலமா இருக்கு?"

"அது மொபைல் வெளிச்சம்ல. வீடியோ எடுக்கான்."

"பொம்பளைங்க கொடத்தோட ஓடுதாங்க, நடுவுல இவம் பேய் மாதிரி நிக்கான். தொடச்சிரு."

"அன்னைக்கு நின்னாம்லா?"

"யாருல அவம்?"

"மூஞ்சி சரியாத் தெரியல. அதான் என் மூஞ்சியவே வரஞ்சிட்டேன்."

"நீதான் கொடம் தூக்குனியே!"

"மொதல்ல நானும் வீடியோதாம்ல எடுத்தேன். பொறவுதான் போனை உள்ள வச்சேன்."

அதற்குமேல் நான் படத்தைப் பார்க்கவில்லை. அன்று நானும் அங்கே நின்று வீடியோ எடுத்தேன். கடைசிவரை போனை உள்ளே வைக்கவில்லை. உங்களுக்குக் காட்டும்போது அதில் ஒரு பாட்டைச் சேர்த்திருந்தேன்.

ரயிலை விட்டு இறங்கியதும் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, பாட்டுச் சேர்க்காத வீடியோவைக் காதோடு வைத்துக் கேட்டேன். "அண்ணே, உங்க காலடியில இருக்க வாளிய இங்க தள்ளுங்க" என்று ஒரு பெண் கத்துகிறாள். மறுபடியும் கத்துகிறாள். திரும்பப் போட்டு, இந்தத் தடவை போன் திரையைப் பார்த்தேன். அவள் கத்திய இரண்டு முறையும் நான் எடுத்த காட்சி கொஞ்சம்கூட ஆடவில்லை.