தொடக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை

—பாயத் தூக்கிட்டு எங்க போறீங்க?

—ஹாலுக்குத்தான். ராத்திரி லோரி எடுக்கணும், கொஞ்சம் தூங்கிக்கிறேன். அங்க காத்து நல்லா வருது லா.

—கிள்ளான்ல யாரு வீட்டு ஹால்ல காத்து வருது? எனக்கு ஆப்பரேசன் முடிஞ்சு ஒரு வருசமாச்சு. இன்னும் காத்து வாங்குறீங்க.

—மெதுவா பேசு, புஷ்பா. பக்கத்து வீட்டு இராஜம்மாக்கா காதுல விழப் போவுது.

—விழட்டும். புருசன் பொண்டாட்டி தனித்தனியா படுக்கிறது அவங்களுக்குத் தெரியாதாக்கும்.

—நான் கோழி லோரி ஓட்டுறவன். எவ்ளோ குளிச்சாலும் நாத்தம் போவல. ஆஸ்பத்திரி மிஸ்ஸி என்ன சொன்னாங்க? உனக்குக் கிருமி ஒட்டக் கூடாதுன்னாங்க.

—போன தடவ கேஎல் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப அந்த மிஸ்ஸி கிட்ட நானே கேட்டுட்டேன்.

—எத?

—புருசன் கூட இருக்கலாமான்னு.

—அடிப்பாவி! அத்தன பேரு முன்னாடியா?

—ரத்தம் எடுக்குறப்ப, மெதுவாத்தான். தாராளமா இருக்கலாம், இப்போதைக்குக் குழந்த மட்டும் வேணாம்னாங்க. தொடக் கூடாதுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?

—யாரும் சொல்லல.

—அப்புறம்?

—பயமா இருக்கு லா. உங்கக்கா குடுத்த கிட்னிய முதுகுப் பக்கம் வப்பாங்கன்னு நெனச்சேன். இவங்க அடிவயித்துல வச்சிருக்காங்க. அன்னைக்குக் கை பட்டப்போ, தோலுக்குக் கீழயே உருண்டையா... என் பாரம் விழுந்து ஏதாவது ஆச்சுன்னா, தனலெட்சுமி அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?

—பொய்.

—சாமி சத்தியமா.

—என் மூஞ்சிதான் காரணம், சொல்லிடுங்க. உப்பிப் போயி, தாடையெல்லாம் முடி. பாசார்ல மீன்காரன் என்ன நேராப் பாத்து, ‘என்னா வேணும் அண்ணே’ன்னான்.

—அவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு.

—சிரிக்காதீங்க.

—சிரிக்கல லா. அது மருந்து பண்ற வேல. நீ உசுரோட இருக்க, எனக்கு அது போதும்.

—எனக்குப் போதல. சும்மா உசுரோட இருக்கிறதுன்னா அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்லயே கெடந்திருப்பேன்.

—சரி சரி, அழாத. மைலோ கலக்கித் தரேன். அந்த எண்ணெ மருந்த அதுல ஊத்திக் குடி.

—வேணாம்.

—வேணாம்னா? நேரம் தப்பக் கூடாது, தப்புனா அக்கா கிட்னிய ஒடம்பு ஏத்துக்காதுன்னாங்கல்ல.

—தப்பி ரெண்டு வாரமாச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் சிங்குல ஊத்திடுறேன். மாத்திரையும்தான்.

—ஏய், என்னா சொல்ற நீ? புஷ்பா!

—கத்தாதீங்க. முடி கொறைய ஆரம்பிச்சிருச்சு. கன்னம் கூட வத்துன மாதிரி இருக்கு. இங்க வாங்க, ஜன்னல் கிட்ட வாங்க. ஒரு தடவ என்ன நல்லாப் பாருங்களேன்.