எட்டு வார விடுப்பு

விடுப்பு விண்ணப்பத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, காரணத்தை நீட்டி எழுதுவது. காய்ச்சல் என்றால் காய்ச்சல், அவ்வளவு போதும். ஆறு வருடங்களாக விடுப்புப் பிரிவில் இருக்கிறேன். பக்கம் பக்கமாகப் படித்துச் சலித்துவிட்டது. என் மனைவி ஒரே வரிதான் எழுதியிருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீங்கள் இரண்டு முறை விசாரித்தீர்கள். இரண்டு முறையும் கடிதத்தைப் பற்றித்தான் கேட்டீர்கள். கடிதம் கடைசியில் நடந்த விஷயம். முதலிலிருந்து கேட்டிருந்தால் நேற்றே முடிந்திருக்கும்.

எனக்கு இரண்டாம் மாடி. அவளுக்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. அழைப்பை எடுப்பதும், வண்டி வரும்வரை எதிர்முனையில் இருப்பவரைப் பேசவைப்பதும் அவள் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் அப்பா அழைத்தார். குழந்தைக்கு மூச்சில்லை. நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லிவிட்டு, அவர் கை ஓயாமல் இருக்க அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது நிமிடம். வண்டி போய்ச் சேர்ந்தபோது எண்ணுவதற்குத் தேவை இல்லாமல் போயிருந்தது. அடுத்த அழைப்பை நாற்பது விநாடியில் எடுத்தாள். பதிவில் இருக்கிறது.

அதன் பிறகு வீட்டில் எண்ண ஆரம்பித்தாள். குழாயைத் திறந்துவிட்டு வாளி நிரம்பி வழிய எண்ணிக்கொண்டு நிற்பாள்.

"இன்னிக்கும் தூங்கலையா?"

"கண்ணை மூடினா எண்ண ஆரம்பிச்சிடுறேன்."

"எண்ணாம இரேன்."

"அடேங்கப்பா, இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

மூன்றாம் வாரம் மருத்துவரிடம் போனாள். மன அழுத்தம், எட்டு வாரம் பணியிலிருந்து ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். சான்றிதழையும் விண்ணப்பத்தையும் சாப்பாட்டு மேசையில் என் முன் வைத்தாள். அலுவலகத்தில் எனக்குக் கையேடு என்று பெயர். அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கையேடு சார், இதுக்கு என்னல்லாம் கிடைக்கும்?"

எட்டு வாரத்துக்கும் முழுச் சம்பளம் கிடைக்கும். அந்த நாட்களில் மேலாளர் அவளை வேலை விஷயமாக அழைக்கக் கூடாது. திரும்பி வரும்போது கேட்டால் அழைப்பு எடுக்காத வேறு இருக்கை தர வேண்டும். இந்த மூன்றும் அவள் உரிமை. யாருடைய தயவும் தேவையில்லை. இது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

"பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

உறவினர் விண்ணப்பத்தை நான் கையாளக் கூடாது. பக்கத்து மேசை அக்காவிடம் தர வேண்டும். தரவில்லை. என் மேசையின் கடைசி இழுப்பறையில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே சில சான்றிதழ்கள் இருந்தன.

இது முதல் முறையா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கால் உடைந்தால் எக்ஸ்ரே இருக்கும். மன அழுத்தத்துக்கு ஒரு தாள்தான் இருக்கும். அந்தத் தாளோடு போனவர்களில் பாதிப் பேர் பழைய இருக்கைக்குத் திரும்பியதில்லை. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அதனால் அப்படிப்பட்ட விண்ணப்பங்களை உடனே பதிவு செய்வதை நிறுத்தினேன். இன்னொரு சான்று கேட்பேன். அது வந்தால் அசல் கேட்பேன். பரிசீலனையில் இருக்கிறது என்பேன். பத்து நாள் சம்பளம் நின்றால் பெரும்பாலோர் தாமாகவே வேலைக்கு வந்துவிடுவார்கள். நான்கு வருடத்தில் முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். விடுப்பு குறைந்ததற்கு மேலிடத்திலிருந்து எனக்குப் பாராட்டும் வந்தது. அந்த முப்பத்தெட்டு பேரும் நன்றாக இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். விசாரித்ததில்லை.

அவளிடம் தாமதம் பலிக்காது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தினமும் கேட்பாள். ஆகவே கடிதம் தேவைப்பட்டது. போதிய ஆதாரம் இல்லாததால் விடுப்பு மறுக்கப்படுகிறது, பணிக்குத் திரும்பாவிட்டால் ஊதியம் இல்லை என்று மூன்று வரி தட்டச்சு செய்தேன். பிரிவுத் தலைவரின் முத்திரை என் பொறுப்பில் இருந்தது. கடிதத்துக்கு ஓர் எண் போட்டுத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினேன். கையில் கொடுப்பது முறையல்ல.

அவள் உறையைப் பிரித்தபோது நான் எதிரில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க செக்‌ஷன்தானே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொந்தக்காரங்க ஃபைலை நான் தொடக் கூடாது."

"மேல்முறையீடு பண்ணினா?"

"பதினாலு நாள் ஆகும். அதுவரைக்கும் சம்பளம் வராது."

"அப்ப நான் நடிக்கிறேன்னு முடிவு பண்ணிட்டாங்க."

நூலைப் பல்லால் அறுத்தேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். பதினொரு பணிநாள் போனாள். நானூற்றுச் சொச்சம் அழைப்புகள், ஒரு புகார்கூட இல்லை. தினமும் மாலை கணினியில் பார்த்தேன். குணமாகிவருகிறாள் என்று கணித்தேன். அந்தத் தகவலை வைத்து யாரும் அப்படித்தான் கணித்திருப்பார்கள்.

பதினோராம் நாள் மதியம் இரண்டு மணிக்குப் பணி முடிந்து ஸ்கூட்டரில் கிளம்பினாள். நேரான சாலை, நல்ல வெளிச்சம். டயர் மாற்றுவதற்காக ஒரு லாரி ஓரமாக நின்றிருந்தது. பிரேக் பிடித்த தடம் இல்லை என்று போலீஸ் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். தூங்கியிருப்பாள் என்கிறார்கள்.

காரியம் முடிந்த பிறகு அவளுடைய அண்ணன் அவள் கைப்பையிலிருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, தங்கச்சிக்கு லீவு இல்லன்னு சொன்னது யாரு? அந்த ஆளைக் காட்டுங்க. வேற எதுவும் வேணாம்."

"விசாரிச்சுச் சொல்றேன், மச்சான்."

அவர் என் தோளில் கை வைத்து அழுதார். நல்ல மனிதர். நான் விசாரிக்கத் தாமதித்ததால் அவரே கடிதத்தோடு அக்காவின் மேசைக்குப் போய்விட்டார். பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது.

எனக்கும் இப்போது மன அழுத்தம் என்று எட்டு வாரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா அதை அரை மணி நேரத்தில் முடித்தார். முழுச் சம்பளம். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் முடித்தார். இந்த விடுப்பில் இருப்பவரை விசாரணைக்கு அழைக்கக் கூடாது. நானாக விரும்பி வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்னால் உங்களுக்குச் சிக்கல்.

ஆம், கடிதம் என்னுடையது. முத்திரையை வைத்ததும் நான்தான். அவளுக்கு உரிமை இருந்தது, அதை நான் மறைத்தேன். இதில் ஒன்றையும் மறுக்கவில்லை.

ஆனால் நேற்று நீங்கள் அக்காவின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். அதுவரை எனக்குத் தெரியாத ஒன்று அதில் இருந்தது. "வேலைக்கு வந்த நாலாம் நாள் எனக்குப் போன் பண்ணினா. நம்பரைச் சொல்லி, பதிவேட்டுல பாருங்கக்கான்னா. அப்படி ஒரு கடிதமே இல்லம்மா, உன் விண்ணப்பமே இங்க வரலையேன்னேன். சரிக்கா, வீட்டுல கேட்டுக்கிறேன்னு வச்சிட்டா. அவளே விண்ணப்பத்தைக் கொண்டுவந்து குடுப்பான்னு இருந்துட்டேன்."

வீட்டில் அவள் கேட்கவில்லை. அன்று மாலை என் இரண்டு சட்டைகளை இஸ்திரி போட்டு மடித்து வைத்தாள். நான் பேசினால் பதில் சொன்னாள். மறுநாள் வேலைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். தெரிந்த பிறகு ஏழு நாள் போயிருக்கிறாள்.

இதை நீங்கள் கவனிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம். மருத்துவரிடம் இன்னொரு சான்றிதழ் வாங்கி நேரே அக்காவிடம் தந்திருந்தால் அன்றே விடுப்பு கிடைத்திருக்கும். அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. அப்படியென்றால் என் முடிவு சரி என்று அவளும் ஒப்புக்கொண்டிருக்கிறாள். மற்றதையெல்லாம் உங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் நான் சொன்னபடியே பதிவு செய்யுங்கள்.