அலமாரியில் இருந்த இன்னொரு கட்டு

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். ஐப்பசி பிறந்தால் எனக்கு முழங்கால் குடைச்சல் ஆரம்பித்துவிடும்.

அறுபத்தெட்டில் நெசவாளர் சங்கம் ஆரம்பித்ததிலிருந்து இரும்பு அலமாரி என் பொறுப்பு. புடவை டிசைனை ஓட்டை ஓட்டையாக அட்டைகளில் குத்தித் தறிக்கு மேலே தொங்கவிடுவார்கள். எந்த இழையைத் தூக்குவது என்று அந்த ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். ஒவ்வொரு டிசைனுக்கும் அதே அட்டைகள் இன்னொரு கட்டு என் அலமாரியில் இருக்கும். வீட்டில் இருப்பது கெட்டுப்போனால், சங்க முத்திரை குத்திய முதல் அட்டையைக் காட்டி அதை வாங்கிக்கொள்ளலாம். முத்திரை இல்லையென்றால் கொடுப்பதும் மறுப்பதும் என் இஷ்டம்.

ஆனால் யாரும் வந்து கேட்டதே இல்லை. ஒருநாள் நாலு பேர் நடுவில் சங்கத்து நெசவாளி ராஜவேலு, "இவருக்கு இன்னா வேலப்பா, பூட்டுக்குக் காவல் இருக்காரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறக்கவில்லை.

அப்போது அவன் தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. தேதி தப்பினால் சங்கம் கொடுத்த தறியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவனும் பெண்டாட்டி கமலவேணியும் திருப்புட்குழிக்கு ஒரு சாவுக்குப் போயிருந்த மத்தியானம், ஓட்டு வீட்டுக்குள் மழை இறங்கி அட்டையெல்லாம் கூழாகிவிட்டது. புதிதாகக் குத்த மாசக்கணக்காகும்.

வந்தான். "நான் போட்ட டிசைனு சார். என் கையால குத்துன அட்டை. தேதி நெருங்கிக்கினு வருது."

"முத்திரை எங்கப்பா?"

"அதுவும் நனஞ்சி பூட்ச்சி சார்."

"அப்ப உன்னுதுதான்னு நான் எப்டி நம்பறது?"

சங்கத் தலைவரிடம் ஓடினான். அவர் என்னிடமே திருப்பி அனுப்பினார். கமலவேணி கைக்குழந்தையோடு வந்தாள். வாசலிலேயே நிற்க வைத்தேன். தினமும் வந்தார்கள். அவர்கள் எதிரிலேயே அலமாரியைத் திறந்து, அவன் அட்டைக் கட்டை எடுத்துத் தூசி தட்டி, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டுவேன். பொய் சொல்வானேன், அது எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

உடைந்த ஓடு இல்லை, யாரோ எடுத்து ஓரமாக வைத்த ஓடு என்று கமலவேணி உங்களிடம் சொன்னது சரிதான். தறிக்கு நேர் மேலே பார்த்து எடுத்தது நான். ஒன்றைக்கூட உடைக்கவில்லை. அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

தறியை எடுக்க ஆள் வருவதற்கு முந்தின சாயங்காலம் ராஜவேலு என் காலில் விழுந்து தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு மனசு இளகிவிட்டது. கொடுத்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் இன்னும் ஒரே ஒரு தடவை வந்து கேட்கட்டுமே என்று தோன்றியது. "நாளைக்கு வாப்பா" என்றேன்.

விடிவதற்குள் அவன் குளத்தில் விழுந்துவிட்டது எனக்கு எப்படித் தெரியும்? கட்டை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை காத்திருந்தேன். வரச் சொன்னால் வர வேண்டும், சார். வராமல் போனது அவன் தப்பு.