காலர் அக்கா விரல்ல ஊசி ஏறினது

இல்ல மேடம், நின்னுக்கிட்டே சொல்றேன். உக்காந்தா எனக்குப் பேச்சே வராது. நாலாவதோட படிப்ப நிறுத்திட்டாங்க, அந்த விசாரணைத் தாள நீங்களே படிச்சுச் சொல்லுங்க.

என்னது, துன்புறுத்தலா? ஐயோ, எங்க தையல் ஹால்ல அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது. சூப்பர்வைசர் திட்டுவாரு, அவ்வளவுதான்.

அடியா? அத அடின்னு எப்படிச் சொல்றது... துணிக்கட்டத் தூக்கி மூஞ்சியில எறிவாரு. மர ஸ்கேலால முட்டியில போடுவாரு. காதுகிட்ட வச்சு விசில் ஊதுவாரு, நாங்க வச்ச பேரே விசில்தான். பட்டன் வைக்கிற பொண்ணுக்கு ஒரு காதுல இன்னும் ங்கொய்னு கேட்டுக்கிட்டே இருக்காம். முடியப் புடிச்சு மெஷின்ல மோதினது ஒரே ஒரு தரந்தான். நாங்களும் சிரிச்சோம் மேடம். சிரிக்கலேன்னா அடுத்தது நாமதானே?

காலர் அக்காவா? காலர் தைக்கிறவங்க, பக்கத்து மெஷின். கொழந்த பொறந்து நான் திரும்பி வந்தப்போ, பால் கட்டி சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. அதப் பாத்து அந்த சூப்பர்வைசர் ஆளு ஒண்ணு சொன்னான்... வேணாம், அத எழுதாதீங்க. தைக்க வச்சிருந்த துணிய எடுத்து என் மேல போத்திட்டு, வாய மூடுங்க சார்னாங்க அக்கா. அன்னிலேருந்து அவனுக்கு அக்கா மேலயே கண்ணு.

ஆமா, அக்கா கவனக்கொறைவாலதான் விரல்ல ஊசி ஏறிச்சுன்னு அவன் எழுதினான். சாட்சின்னு நானும் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு அக்காவ வேலைய விட்டு நிறுத்துறாங்களாமே? கட்டுப் போட்ட கையோட எங்க போவாங்க?

கதவு சாத்தியிருக்கா மேடம்? விசில் சத்தம் கேட்டுது.

அன்னிக்கு என் மெஷின்ல நூல் சிக்கிக்கிச்சு. நான் உக்காந்த எடத்துலயே இருந்தேன். அக்கா எந்திரிச்சு வந்து, குனிஞ்சு எடுத்துவிட்டாங்க. விரல் ஊசிக்கு நேர் கீழ. அவன் வந்து பக்கத்துல நின்னான். என்னடி ரெண்டு பேருக்கும் கொஞ்சல்னு கேட்டான். அவ்வளவுதான், ஊசி ஓடிச்சு. நகத்துல பூந்து எலும்புல ஒடிஞ்சுது, ஒடிஞ்சும் நிக்கல. வெள்ளக் காலர் பூரா ரத்தம். அக்கா கத்தல மேடம், என் மூஞ்சியத்தான் பாத்தாங்க.

பெடல மெதிச்சது யாரா? என் கால்தான். அப்படியே எழுதிக்குங்க.

அது மேல அவன் பூட்ஸ் இருந்துச்சு. இருங்க, செருப்பக் கழட்டுறேன். கால் விரல்ல நாலு நகம் கருத்துப் போயிருக்கு பாருங்க.