அமீனா கேட்ட பேர்

— இன்னும் எம்மாந் தூரம்மா ரஞ்சிதம்? முட்டி ரெண்டும் கழண்டு வுழுந்துடும்போல இருக்குது.

— வந்தாச்சுங்க அமீனாய்யா. அதோ, வாசல்ல கேவுரு காயுதே, அந்த வூடுதான். கயித்துக் கட்டில்ல குந்தினிருக்காரே, அவருதான்.

— மொத தடவை, காவலூர்ல நட்சத்திரம் பாக்குற எடத்துக்குக் கல்லு தூக்கப் போயிட்டான்னாங்க. போன தடவை தேனெடுக்கப் போயிட்டான்னாங்க. இன்னிக்கி ஆளே குந்தினிருக்கானா?

— பஸ் சத்தம் கேட்டாலே காட்டுக்குள்ள பூந்துடுவாருங்க. அதான் முன்னாடியே எறங்கி ஒத்தையடிப் பாதையில கூட்டியாந்தேன்.

— எம் முட்டி போனதும் அதாலதான். சரி. ஏம்ப்பா, நீதான சின்னக்குழந்தை? நான் கோர்ட்டு அமீனா. பொஞ்சாதி புள்ளைக்கி ஜீவனாம்சம் குடுக்கணும்னு தீர்ப்பு ஆயிருக்குது. கட்டாம ஓடுறதால வாரண்டு. பணத்தைக் கட்டு, இல்லன்னா எங்கூடக் கெளம்பு.

— சத்தியமா சொல்றேன் சாமி, நான் அவனுக்கு அண்ணன், பெரியகுழந்தை. தம்பி குடகுக்கு, காப்பித் தோட்டத்து வேலைக்கிப் போயிட்டான். மோரு குடிக்கிறீங்களா சாமி?

— பொய்யிங்க. குடகுக்குப் போனது என் மூத்தாரு. இவருதாங்க அவரு.

— எவரு?

— அவருதாங்க.

— பாத்தீங்களா சாமி? தம்பி மேல இருக்கிற ஆத்திரத்துல கெடச்சவனைக் காட்டுது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை. ஊர்ல வேணா கேளுங்க, சத்தியமா.

— ஊரு ஒன் ஊரு. நீ சொன்னதையேதான் சொல்லும். ரஞ்சிதம், இப்டி வாம்மா. போன வருசம் வேற ஒரு கேஸ்ல ஆள் மாத்திப் புடிச்சுக்கினு போயி மெமோ வாங்கினவன் நான். ரிட்டையராவுற நேரத்துல இன்னொண்ணு தாங்காது. உன் கேஸுக்கு அவன் ஒருநாளும் வரல, கோர்ட்டுல யாருக்கும் அவன் மூஞ்சி தெரியாது. கேஸ் போட்டவ நீ. இன்னார்தான்னு பேரைச் சொல்லி அடையாளம் காட்டு. எழுதிக்கினு கூட்டினு போறேன்.

— பேரை எப்பிடிங்க சொல்றது?

— வாயாலதான்.

— கட்டினவரு பேருங்க. சொன்னா அவரு ஆயுசு கொறையும்.

— கோர்ட்டுல எப்பிடிச் சொன்ன?

— வக்கீல் குமாஸ்தா சொன்னாருங்க. நான் தலையாட்டுனேன்.

— நல்லாருக்குது.

— எம் புள்ளையக்கூடக் குழந்தைன்னு கூப்ட்டதில்லீங்க. அவரு பேரு வந்துடுமே. பொடிசுன்னுதான் கூப்டுவேன். ஆஸ்பத்திரில டாக்டரம்மா பேரு கேட்டப்பக்கூடப் பொடிசுன்னேன். சீட்டுல அப்டியே எழுதிட்டாங்க.

— அது சொல்லாது சாமி. நல்ல வூட்டுப் பொண்ணு. வெயிலு எறங்குது, கடைசி பஸ்ஸப் புடிக்க வாணாமா நீங்க?

— வாரண்டு இன்னியோட முடியுதும்மா. ஆள் இல்லன்னு எழுதினா மறுபடி மனு போடணும். வக்கீலுக்கு அழுவணும்.

— அழுவுறதுக்கு இன்னாங்க இருக்குது? கம்மல் போச்சு, கொலுசு போச்சு. ஆலங்காயம் மண்டியில புளி தட்டி நகமே போச்சு. நேத்து பொடிசு அந்தப் புளியங்கொட்டையப் பொறுக்கித் தின்னுதுங்க, பசி தாங்காம.

— கஷ்டந்தான். அதுக்காவ நான் யாரையோ இழுத்துக்கினு போவ முடியாதே. பெரியகுழந்தை, இங்க வா. 'ஆள் ஊரில் இல்லை'ன்னு எழுதறேன். சாட்சிக்கு ஒரு கைநாட்டு வையி.

— வெச்சுட்டாப் போச்சு சாமி. எந்த எடத்துல?

— எழுதி முடிக்கிறேன், இரு.

— அமீனாய்யா.

— இன்னாம்மா?

— பேனாவ நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன். சொல்லு.

— பொடிசுக்கும் ஒரு ஆயுசு இருக்குது இல்லீங்க.

— இருக்குது.

— சின்னக்குழந்தை.

— காதுல வுழல. கொஞ்சம் ஒரக்கச் சொல்லு.

— சின்னக்குழந்தை. டேய் சின்னக்குழந்தை, ஒம் புள்ளைக்கிச் சோறு போடுடா.

— அடிப்பாவி, ஊரு கேக்கக் கட்டின புருசன் எம் பேரைச் சொல்றியேடி.